டாட்நெட் 3.5-ஐ வீட்டுக் கணினியில் நிறுவலாமா? மூடிய மூல ஃப்ரேம்வொர்க்குகளை நம்புவது பற்றி

கேள்வியின் சாரம் இது. விண்டோஸ் 10 ஓடும் வீட்டுக் கணினியில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் வரவுசெலவு மென்பொருளை மறுபடி நிறுவ முயன்றபோது, மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 (மற்ற நிரல்கள் ஓடுவதற்கான அடித்தள மென்பொருள்) தேவை என்று அது கேட்கிறது. மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளைப் பார்க்க முடியாத ஒன்றை உள்ளே விடுவது மைக்ரோசாஃப்ட்டிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சமம் என்று நண்பர் தடுக்கிறார். அதே கணினியின் நிரல் பட்டியலில் சில்வர்லைட், ஜாவா 7 என்ற வேறு இரண்டு பழைய ஃப்ரேம்வொர்க்குகளும் ஏற்கெனவே இருக்கின்றன. நிறுவலாமா, வேண்டாமா?

நிறுவலாம் என்பதே என் விடை. நண்பரின் கவலைக்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் அந்தக் கவலையை டாட்நெட்டின் மேல் செலவழிப்பதைவிட, அதன் மேல் ஓடப்போகும் வரவுசெலவு மென்பொருளின் மேலும், பட்டியலில் கிடக்கும் அந்த இரண்டு பழைய பொருள்களின் மேலும் செலவழித்தால் பயன் அதிகம். நான் டாட்நெட்டில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

ஒரு ஃப்ரேம்வொர்க்கை நிறுவும்போது கணினியில் உண்மையில் என்ன மாறுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நிரல் எழுதுபவர் ஒவ்வொருவரும் சாளரம் வரைவது, கோப்பைத் திறப்பது, தேதியைக் கணக்கிடுவது போன்ற வேலைகளைத் தாமே எழுதாமல் இருப்பதற்காகத் திரட்டி வைக்கப்பட்ட நூலகங்களும், அந்த நிரலை இயக்கும் இயந்திரமும் சேர்ந்ததுதான் டாட்நெட். நீங்கள் வரவுசெலவு மென்பொருளைத் திறக்கும்போது அது அந்த மென்பொருளின் செயல்முறைக்குள்ளேயே ஏற்றப்பட்டு, உங்கள் பயனர் கணக்குக்கு என்ன அனுமதி உண்டோ அதே அனுமதியுடன் ஓடுகிறது. மென்பொருளை மூடினால் அதுவும் நின்றுவிடுகிறது. அது மென்பொருளைக் கண்காணிக்கும் காவலாளியும் அல்ல, மென்பொருளுக்கு இல்லாத அதிகாரத்தைப் பெற்றுத் தரும் இடைத்தரகரும் அல்ல. சாதாரணப் பயனராக நீங்கள் திறக்கக்கூடிய கோப்புகளை எல்லாம் அந்த வரவுசெலவு மென்பொருளும் திறக்க முடியும். டாட்நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அளவு மாறுவதில்லை.

இனி, சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. விண்டோஸ் 10 வெளிவந்தபோதே டாட்நெட் 4.6 அதனுடன் சேர்ந்தே வந்தது. பின்னர் வந்த பெரிய புதுப்பிப்புகளுடன் அது 4.8 வரை உயர்ந்தது. அதாவது, நண்பர் அஞ்சும் பொருளின் தம்பி உங்கள் கணினியில் முதல் நாளிலிருந்தே குடியிருக்கிறான். 3.5 தனியாகக் கேட்கப்படுவதற்குக் காரணம் வேறு: 2.0, 3.0, 3.5 ஆகிய மூன்றும் ஒரே பழைய இயக்க இயந்திரத்தின் மேல் நிற்பவை, 4.0-இல் இயந்திரமே மாறிவிட்டதால், பழையதற்காக எழுதப்பட்ட நிரல் தானாகப் புதியதில் ஓடாது. ஆகவே 3.5-ஐச் சேர்ப்பதால் புதிதாக ஒரு நிறுவனத்தை உங்கள் நம்பிக்கை வட்டத்துக்குள் கொண்டுவருகிறீர்கள் என்று சொல்ல முடியாது. இயங்குதளத்தின் கருவகத்தை (கணினி முழுவதையும் ஆளும் மையப் பகுதியை) எழுதியவர்கள், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதியை எழுதியவர்கள், எப்போது வேண்டுமானாலும் புதுப்பிப்பு வழியாக எதையும் மாற்றக்கூடியவர்கள் எல்லாரும் அதே நிறுவனத்தார். வீட்டைக் கட்டிக் கொடுத்தவரே எல்லா அறைகளின் மாற்றுச் சாவியையும் வைத்திருக்கும்போது, அவர் செய்து தரும் அலமாரியை மட்டும் வேண்டாம் என்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை.

தகவல் கசிவு பற்றிய அச்சமும் இதைப் போன்றதுதான். டாட்நெட்டில் தொலைநிலைத் தரவுச் சேகரிப்பு உண்டு என்று படித்திருப்பீர்கள், அது உண்மை. ஆனால் அது புதிய டாட்நெட்டின் நிரலாளர் கருவித் தொகுப்பில் இருப்பது. மென்பொருளைப் பயன்படுத்த மட்டும் நிறுவப்படும் இயக்கப் பகுதியில் அது இல்லை. விண்டோஸோ தன் பங்குக்குக் கண்டறிதல் தரவை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஹோம் பதிப்பில் அதை அடிப்படை அளவுக்குக் குறைக்கலாமே தவிர, அமைப்புப் பக்கத்திலிருந்து முழுமையாக நிறுத்த வழியில்லை. மைக்ரோசாஃப்ட் உங்களைப் பற்றி அறிந்துகொள்வதே உங்கள் கவலை என்றால், அதற்கான தீர்வு லினக்ஸுக்கு மாறுவது. டாட்நெட்டை மட்டும் தள்ளிவைப்பது அந்தக் கவலையைத் தொடக்கூட இல்லை.

இதுவரை சொன்னதைக் கொண்டு, தயாரித்தவர் பெரிய நிறுவனமாக இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நண்பரின் பக்கத்துக்கு வலுச் சேர்க்கும் நிகழ்வு ஒன்று டாட்நெட்டின் வரலாற்றிலேயே உண்டு. 2009 பிப்ரவரியில், டாட்நெட் 3.5-இன் முதல் சேவைத் தொகுப்பு விண்டோஸ் அப்டேட் வழியாக வந்தபோது, பயனரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்குள் ஒரு நீட்சியைச் சொருகிவிட்டது. அதை நீக்கும் பொத்தான் அழுத்த முடியாதபடி மங்கலாக்கப்பட்டிருந்தது. நீக்க விரும்பியவர்கள் விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய்க் கை வைக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அதே சேவைத் தொகுப்பு ஃபயர்ஃபாக்ஸுக்குள் வைத்திருந்த மற்றொரு சொருகியின் வழியாக ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களையும் அது பாதிக்கக்கூடும் என்று தெரியவந்தது. ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா நீட்சி, சொருகி இரண்டையும் தொலைவிலிருந்தே முடக்கியது. நீட்சிக்கு அந்த ஓட்டையில் பங்கில்லை என்று உறுதியானதும் அதன் மேலிருந்த தடையைச் சில நாள்களில் நீக்கினார்கள். ஆனாலும் ஒரு நிறுவனத்தின் உலாவியை வேண்டாம் என்று ஒதுக்கி வேறொன்றைத் தேர்ந்தவர்களுக்குள்ளும் அந்த நிறுவனத்தின் ஓட்டை வந்து சேர்ந்தது என்பது சாதாரண விஷயம் அல்ல.

அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு. என் கணிப்பில் மூலநிரல் திறந்ததா மூடியதா என்பதைவிட அதற்கு எடை அதிகம். அந்த ஃப்ரேம்வொர்க் யாருடைய நிரலை இயக்குகிறது? நீங்கள் தேர்ந்தெடுத்து நிறுவிய மென்பொருளை மட்டும் இயக்குகிறதா, அல்லது நீங்கள் பார்க்கப் போகும் எந்த இணையப் பக்கமும் அனுப்பும் நிரலையும் இயக்குகிறதா? இரண்டாவது வகையைச் சேர்ந்த ஜாவா ஆப்லெட், ஃப்ளாஷ், சில்வர்லைட் ஆகிய மூன்றும், முன்பின் தெரியாதவரின் நிரலை ஒரு கூண்டுக்குள் அடைத்து ஓடவிடுவோம் என்ற வாக்குறுதியோடு வந்தவை. அந்தக் கூண்டு ஓட்டையாகிக்கொண்டே இருந்தது. 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஜாவாவின் ஓர் ஓட்டை வழியாக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக் கணினிகளில் புகுந்தது. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் பிப்ரவரியிலேயே அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருந்தும், மேக் கணினிகளுக்குத் தன் சொந்த ஜாவாவை வழங்கிவந்த ஆப்பிள் அதை ஏப்ரலில்தான் கொடுத்தது. 2013 ஜனவரியில் மற்றோர் ஓட்டை வெளிப்பட்டபோது, உலாவிகளில் ஜாவாவை முடக்கிவிடுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு பொதுமக்களுக்கே அறிவுறுத்தியது.

இந்த வகை ஃப்ரேம்வொர்க்குகளை உருவாக்கியவர்களே பின்னாளில் அந்த வாக்குறுதியைக் கைவிட்டார்கள் என்பது பலரும் கவனிக்காத செய்தி. அந்தக் கூண்டைக் காத்துவந்த, ஜாவாவின் பாதுகாப்பு மேலாளர் என்ற பகுதியை 2021-இல் ஜாவா 17 வழக்கொழியப்போவதாக அறிவித்தது. 2025-இல் வந்த ஜாவா 24 அதை நிரந்தரமாக முடக்கியது. டாட்நெட்டிலும் நிரலின் பிறப்பிடத்தைப் பார்த்து அனுமதியைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் பாதுகாப்பு எல்லையாக நம்ப வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே எழுதிவிட்டது, புதிய டாட்நெட்டில் அது இல்லவும் இல்லை. தீய நிரலிடமிருந்து ஃப்ரேம்வொர்க் நம்மைக் காப்பாற்றும் என்று அதை எழுதியவர்களே இன்று சொல்வதில்லை. ஆகவேதான் கவனம் மேலே ஓடும் மென்பொருளின் பக்கம் திரும்ப வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னேன்.

நண்பர் இன்னொரு யோசனையும் சொல்லக்கூடும்: ஃப்ரேம்வொர்க் எதையும் கேட்காத, எல்லாவற்றையும் தனக்குள்ளேயே கொண்டுவரும் மென்பொருளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று. இது கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் பல நேரங்களில் நிலைமையை மோசமாக்கும். பொதுவான ஃப்ரேம்வொர்க்கில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், விண்டோஸ் அப்டேட் ஒரே தடவையில் அதைத் திருத்திவிடுகிறது. அதை நம்பியிருக்கும் எல்லா மென்பொருள்களும், அவற்றை எழுதியவர் தொழிலையே விட்டுப் போயிருந்தாலும், பயன்பெறுகின்றன. தன் பிரதியைத் தானே சுமந்துவரும் மென்பொருளுக்கு அந்த வசதி கிடையாது. அதை எழுதியவர் புதிய வெளியீடு தரும்வரை ஓட்டை அப்படியே இருக்கும். 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைக் கையாளும் நூலகத்தில் கடுமையான ஓட்டை வெளிவந்தபோது, உலாவிகள் சில நாள்களில் திருந்தின. ஆனால் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியத்தின் முழுப் பிரதியைத் தம் வயிற்றுக்குள் வைத்திருந்த எலக்ட்ரான் வகை மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திருத்தப்பட வேண்டியிருந்தது. அந்த நூலகமும் குரோமியமும் எலக்ட்ரானும் திறந்த மூலம் கொண்டவை என்பதையும் கவனியுங்கள். நிரலைப் பார்க்க முடிவது ஒன்று, திருத்தம் உங்கள் வீட்டுக் கணினிக்கு வந்து சேர்வது வேறொன்று.

மூலநிரல் என்ற கேள்விக்கு நேராகவே வருகிறேன், ஏனென்றால் நண்பரின் வாதம் அதில்தான் ஊன்றியிருக்கிறது. டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் நூலகங்களில் பெரும்பகுதியின் மூலநிரலை 2008 முதலே யாரும் படிக்க முடிந்தது. 2014 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் டாட்நெட்டின் புதிய கிளையைத் திறந்த மூலமாக அறிவித்தது, அது இன்று எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. ஆனால் உங்களிடம் கேட்கப்படும் 3.5 பழைய கிளையைச் சேர்ந்தது. அதன் இயக்க இயந்திரத்தை நீங்களே மூலநிரலிலிருந்து உருவாக்கி, மைக்ரோசாஃப்ட் தரும் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எனவே நண்பர் சொல்வது அந்த அளவில் சரி.

அதே நேரத்தில், திறந்த மூலம் என்பதே பாதுகாப்புக்கு உறுதிச்சீட்டு ஆகாது. ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற ஓட்டை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் நுழைந்து, 2014 ஏப்ரலில் வெளியுலகுக்குத் தெரியும்வரை உலகின் பெரும்பகுதி இணையத் தளங்கள் நம்பியிருந்த நூலகத்தில் எல்லார் கண்முன்னும் கிடந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் சுருக்க நூலகத்தில் ஒருவர் பொறுமையாக இரண்டு ஆண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, ரகசியமாக நுழைவதற்கான பின்கதவு வைத்த கதை இதைவிடத் திகைப்பூட்டுவது. தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை வினாடி தாமதமாவதை ஒரு பொறியாளர் கவனித்துத் துருவியதால்தான் அது பிடிபட்டது. அவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மைக்ரோசாஃப்ட் ஊழியர் என்பது இந்த விவாதத்தில் இரு தரப்பும் சிரித்துக்கொள்ள வேண்டிய இடம். ஆனால் அவர் துருவிக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு மூலநிரல் கையில் இருந்ததே காரணம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மூடிய ஃப்ரேம்வொர்க்கில் அதே அரை வினாடியைக் கவனித்திருந்தால், புகார்ப் படிவம் ஒன்றை நிரப்பிவிட்டுக் காத்திருப்பதைத் தவிர அவருக்குப் பெரிதாக வேறு வழி இருந்திருக்காது.

வீட்டுப் பயனரைப் பொறுத்தவரை திறந்த மூலத்தின் பெரிய நன்மை வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து: உரிமையாளர் கைவிட்ட பிறகும் பொருள் உயிரோடு இருக்க முடியும். சில்வர்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-இல் வந்தது, நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களே அதை நம்பிப் படம் காட்டின, 2011-இல் ஐந்தாம் பதிப்போடு வளர்ச்சி நின்றது, 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் அந்த வகைச் சொருகிகளுக்குக் கதவைச் சாத்தின, 2021 அக்டோபர் 12-ஆம் தேதியோடு ஆதரவும் முடிந்தது. அதில் எழுதப்பட்ட மென்பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஃப்ளாஷ் இன்னும் ஒரு படி மேலே போனது. 2020 டிசம்பர் 31-இல் ஆதரவை நிறுத்திய அடோபி, 2021 ஜனவரி 12 முதல் உள்ளடக்கத்தை இயக்க மறுக்கும் ஏற்பாட்டைக் கடைசிப் பதிப்புகளுக்குள்ளேயே வைத்திருந்தது. கணினி உங்களுடையது, கோப்பு உங்களுடையது, ஆனால் ஓடலாமா கூடாதா என்பது வேறொருவரின் முடிவு. பாதுகாப்புக் காரணங்களுக்காக அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இருந்தாலும், அப்படி முடிவெடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது என்பதை எந்த மூடிய ஃப்ரேம்வொர்க்கை நம்பும்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்ப்புறச் சான்றும் உண்டு. 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 முழுக்க முழுக்க மூடிய மூலம் கொண்டது. அதில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவு 2008-இலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் எழுதப்பட்டவற்றை இயக்கத் தேவையான கோப்புகள் விண்டோஸ் 11 வரை இயங்குதளத்துடனேயே வந்துகொண்டிருக்கின்றன. கால் நூற்றாண்டைத் தாண்டிய அந்த ஆயுளுக்குக் காரணம், அதை நிறுத்தினால் எத்தனை அலுவலகங்கள் சத்தம் போடும் என்பது மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரிந்திருப்பதுதான். டாட்நெட் 3.5 இந்த வரிசையில் சேர்ந்தது; அதற்கான ஆதரவு 2029 ஜனவரி 9 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரவுசெலவு மென்பொருளிலிருந்து நிதானமாக வெளியேறுவதற்கு அது போதுமான காலம்.

ஆனால் உங்கள் கணினியில் அதைவிட முதலில் கெடு தாண்டியது இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் நீங்கள் சேரவில்லை என்றால், டாட்நெட்டை நம்பலாமா என்ற விவாதத்தை நிறுத்திவைத்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். திருத்தம் வராத இயங்குதளத்தின் மேல் எந்த ஃப்ரேம்வொர்க்கை வைத்தாலும், வைக்காமல் விட்டாலும், பெரிய வேறுபாடு இல்லை.

ஃப்ரேம்வொர்க் என்ற பெயரிலோ, துணைக் கூறு என்ற பெயரிலோ கேட்கப்படும் வேறொரு வகைப் பொருளுக்கு மட்டும் என் விடை தலைகீழாக மாறும். அது கருவகத்துக்குள் ஓட்டுநர் நிரலை (டிரைவரை) வைக்கும் வகை. 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில இசைத் தகடுகளைக் கணினியில் போட்டால், நகலெடுப்பதைத் தடுப்பதற்கான ஒரு நிரல் சத்தமில்லாமல் நிறுவப்பட்டு, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணிலிருந்தே மறைத்தது. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் அதை வெளிப்படுத்திய சில நாள்களிலேயே தீநிரல் எழுதுபவர்கள் அந்த மறைவிடத்தைத் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2016-இல் கேப்காம் நிறுவனம் ஒரு விளையாட்டில் ஏமாற்று வேலையைத் தடுப்பதற்காகச் சேர்த்த ஓட்டுநர் நிரல், கணினியில் ஓடும் எந்த நிரலுக்கும் கருவக அதிகாரத்தைத் தாரைவார்த்துக் கொடுத்தது; உடனே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இந்த இரண்டிலும் தயாரித்தவர்கள் உலகறிந்த நிறுவனங்கள், நோக்கம் திருடுவது அல்ல. இருந்தும் விளைவு அப்படி ஆனது, ஏனென்றால் கருவகத்தில் நேரும் சிறு கவனக்குறைவுக்கும் எல்லை கிடையாது. விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பான்கள், சில நகல் பாதுகாப்புப் பூட்டுகள், மதர்போர்டின் வண்ண விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சில கருவிகள் எல்லாம் இந்த வகையில் சேரும். குடும்பத்தின் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இவற்றுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இனி உங்கள் மென்பொருளுக்கு வருவோம். 3.5-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதில் கவனம் தேவை. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்களை இயக்கவும் நிறுத்தவும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் டாட்நெட் 3.5-ஐத் தெரிவு செய்தால் விண்டோஸ் அப்டேட்டே அதைக் கொண்டுவந்து சேர்க்கும். மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸ் நிறுவல் படிமத்தில் அந்தக் கோப்புகள் இருக்கின்றன. பலர் இந்தப் பிழையைக் கண்டதும் தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்துக்குப் போய்விடுகிறார்கள். டாட்நெட்டால் வராத ஆபத்து அங்கிருந்துதான் வரும். கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 2017-இல் சிசிகிளீனர் என்ற புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்பு, தயாரித்த நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்துடனேயே, அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, பின்கதவோடு ஏறக்குறைய ஒரு மாதம் விநியோகிக்கப்பட்டது. கையொப்பம் அனுப்பியவரைச் சொல்லும்; அனுப்பியவரின் வீட்டுக்குள் யார் நுழைந்திருந்தார்கள் என்பதைச் சொல்லாது.

வரவுசெலவு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டாட்நெட் 4 அல்லது அதற்கு மேல் ஓடும் பதிப்பு இருந்தால் 3.5 தேவையே இல்லை. புதிய பதிப்பு இல்லாவிட்டாலும் சில பழைய நிரல்கள், அவற்றின் அமைவுக் கோப்பில் புதிய இயந்திரத்தில் ஓடலாம் என்று ஒரு வரி சேர்த்தால், 4.8-இலேயே ஓடிவிடும். இது தயாரித்தவர் பரிந்துரைக்கும் வழி அல்ல என்பதால், தரவின் நகலை எடுத்து வைத்துவிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டிய வேலை.

பழைய டாட்நெட் மென்பொருள்களில் எனக்கு உண்மையான அச்சம் தருவது வேறொன்று. அவற்றில் பல, தரவைக் கோப்பாகச் சேமிக்க பைனரி ஃபார்மேட்டர் என்ற டாட்நெட் வசதியைப் பயன்படுத்தின. அந்த முறையில் சேமிக்கப்பட்ட கோப்பைத் திறக்கும்போது, கோப்புக்குள் சூழ்ச்சியாக எழுதப்பட்ட தகவலைக் கொண்டு விருப்பமான நிரலை ஓடவைக்க முடியும். இதைச் சீர்செய்யவே முடியாது என்று முடிவு செய்த மைக்ரோசாஃப்ட், 2024 நவம்பரில் வந்த டாட்நெட் 9-இல் அதன் செயல்பாட்டையே நீக்கிவிட்டது. 3.5-இல் அது இன்றும் இருக்கிறது. உங்கள் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று வெளியிலிருந்து எளிதில் தெரியாது. ஆகவே நீங்களே உருவாக்கிய தரவுக் கோப்புகளைத் தவிர, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ மற்றவர் அனுப்பும் கோப்பை அந்த மென்பொருளில் திறக்காதீர்கள். மென்பொருளை நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கில் ஓட்டுங்கள். நிறுவும்போது மட்டும் நிர்வாகிக் கடவுச்சொல் போதும், தினமும் திறப்பதற்கு அது தேவைப்பட்டால் அந்த மென்பொருளே சந்தேகத்துக்குரியது. கணக்கு விவரங்களை, வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய எளிய அட்டவணையான சிஎஸ்வி கோப்பாக வெளியேற்ற முடிகிறதா என்று இன்றே பார்த்து, முடிந்தால் மாதந்தோறும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அது முடியாது என்றால், டாட்நெட்டை நம்பலாமா என்று கேட்ட அதே கடுமையோடு அந்த மென்பொருளைக் கேள்வி கேட்க வேண்டும். உங்கள் பத்தாண்டு வரவுசெலவைப் பூட்டி வைத்திருப்பது அதுதான்.

நீங்கள் நாளை லினக்ஸுக்கு மாறினால் கணக்கு வேறாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே மைக்ரோசாஃப்ட் உங்கள் நம்பிக்கை வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அப்போது அதன் மூடிய கூறு எதையும் நிறுவுவது புதிதாக ஒருவரை உள்ளே அழைப்பதாகவே ஆகும். பழைய டாட்நெட் மென்பொருள்களை அங்கே ஓட்டுவதற்கு மோனோ என்ற கட்டற்ற மாற்று இருக்கிறது; 2024-இல் மைக்ரோசாஃப்ட் அதன் பொறுப்பை, விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் திட்டத்தினரிடம் ஒப்படைத்துவிட்டது. எளிமையான வரவுசெலவு மென்பொருள் அதில் ஓட நல்ல வாய்ப்பு உண்டு.

கடைசியாக, பட்டியலில் இருக்கும் அந்த இரண்டு. சில்வர்லைட்டை இன்றே நீக்கிவிடுங்கள். இன்றைய உலாவிகள் எதுவும் அதை ஏற்பதில்லை, திருத்தங்களும் வருவதில்லை, அது அங்கே இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஜாவா 7-க்கான பொது வெளியீடுகள் 2015 ஏப்ரலிலேயே நின்றுவிட்டன. இந்தியாவில் டிஜிட்டல் கையொப்பம் கேட்கும் அரசுத் தளங்கள் பல நெடுங்காலம் ஜாவாவை நம்பியிருந்ததால், வரித் தாக்கலுக்காக ஒருமுறை நிறுவி அப்படியே விட்ட கணினிகள் ஏராளம். உங்களுடையதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். புதிய ஜாவாவை நிறுவினால் பழையது தானாகப் போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். புதுப்பித்த பிறகும் பழைய, ஓட்டையுள்ள பதிப்புகள் கணினியிலேயே தங்கியதைப் பயனர்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் ஆரக்கிள் மேல் குற்றம் சாட்டி, 2015 டிசம்பரில் அந்த நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. எனவே பட்டியலைத் திறந்து, ஜாவா என்ற பெயரில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக நீக்குங்கள். பிறகு ஏதேனும் மென்பொருள் ஜாவா இல்லை என்று சொன்னால், அந்த மென்பொருளுக்கு எந்தப் பதிப்பு தேவை என்று பார்த்து, ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜேடிகேயின், இன்றும் திருத்தங்கள் பெறும் வெளியீடு ஒன்றை நிறுவிக்கொள்ளலாம். எந்த மென்பொருளும் கேட்காவிட்டால் ஜாவா உங்களுக்குத் தேவையில்லை.